அத்தை கைகாட்டிய ஆள்

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது மாஜி மருமகள் தன் அழகு நிலையத்தில், புதிதாக வந்த முடிச்சாயத்தைத் தன் தலையிலேயே சோதித்துக்கொண்டிருந்தாள். "உங்க அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. நீங்கதான் வந்து முடிவு சொல்லணும்" என்றாள் நர்ஸ். அடுத்த நிமிஷம், பாதித் தலை செக்கச்செவேலென்றும் மீதித் தலை வெள்ளித்தாளுமாக அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

விவாகரத்துக்குப் பிறகும் அத்தைக்கு முடி வெட்டிவிடுவதை அவள் நிறுத்தவில்லை. வெட்டும்போது போடும் சண்டையும் நிற்கவில்லை. போன வருஷம் இதயக் கோளாறு வந்தபோது, தனக்குப் புத்தி தடுமாறினால் முடிவெடுக்க வேண்டியது இவள்தான் என்று டாக்டரிடம் அத்தை சொல்லிப் பதியவைத்துவிட்டாள்.

"பெத்த பிள்ளை இருக்கும்போது நான் எதுக்கு அத்தை?"

"அவன் பயந்தாங்கொள்ளி. நீ என்கூட சண்டை போடறவ. நான் சொன்ன ஒரு வார்த்தைகூட உனக்கு மறக்காது."

வார்டில் மாஜி கணவன் அவள் தலையைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான். கட்டிலில் அத்தை, வலியிலும் காய்ச்சலிலும் நினைவு குழம்பி, டாக்டரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்டக்டர்! எல்லாரும் ஏறியாச்சு. வண்டியை எடுக்கச் சொல்லுப்பா!"

"எடுத்துடலாம்மா" என்றார் டாக்டர் படு சீரியஸாக.

அவ்வளவுதான். மருமகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைக் கடித்தாள், பலிக்கவில்லை. அவனும் சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றான். குடும்பம் நடத்திய காலத்தில்கூட இருவரும் இப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்தான் முதலில் பேசினான். "ஆபரேஷன் வேணாம். இதயம் தாங்காது. படுக்கையிலயே வச்சு நான் பாத்துக்கறேன்."

"ஆபத்து இருக்கு, இல்லைன்னு சொல்லல" என்றார் டாக்டர். "பண்ணலைன்னா நடக்க முடியாது. அவங்களுக்கு எது பிடிக்கும்? அதைத்தான் கேக்கறேன்."

கடைக்குப் போக ஆள் வைக்கலாம் என்று ஒருநாள் சொல்லப்போய், கத்தரிக்கோலுக்கு அடியிலிருந்தே அத்தை சீறியது மருமகளுக்கு ஞாபகம் வந்தது: 'ஒரு நாள் இருந்தாலும் என் கால்ல நடக்கணும்டி. வருஷக்கணக்கா மல்லாந்து கிடக்கறதுக்கு, முயற்சி பண்ணிட்டுப் போய்ச் சேரலாம்!'

"பண்ணிடுங்க டாக்டர்." குரல் கீச்சென்று வந்தது.

"ஏதாவது ஆச்சுன்னா?" என்றான் அவன்.

"என்னைத் திட்டுங்க. உங்களுக்குப் பழகினதுதானே."

அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். தன் பங்குக்கு அவளும் அழுதாள்.

இதயம் தாங்கியது. காய்ச்சல் இறங்கி, அத்தையின் புத்தியும் தெளிந்தது. பிசியோதெரபி பையன் அவளை வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கவைத்துவிட்டு மருமகளைப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்லலாமா மேடம்?"

"என்னைக் கேளு தம்பி" என்றாள் அத்தை. "புத்தி திரும்பியாச்சு. இவ உத்தியோகம் போயாச்சு."

உத்தியோகம் போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டா, தெரியாது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். அதற்குள் அத்தை வார்டு வாசலை எட்டிவிட்டாள். "அம்மா, மெதுவா! மெதுவாம்மா!" என்று அலறியபடி, அத்தையின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பிள்ளை பின்னால் ஓடினான்.