மூன்று நாள் ஆய்வு

எங்கள் ஊரில் யாரும் பிளாட்பாரத்திலிருந்து ரயில் ஏறியதில்லை. பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். கட்டினவனுக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியாது. நடைபாலம் ஒன்று உண்டு. அது ஸ்டேஷனின் ஒரு கோடியில் இருக்கிறது. அதில் ஏறி இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். நான் வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தண்டவாள கேங்கில் ஆறு பேர் சேர்ந்து, தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய மரக்கட்டைகளை ஊர்ப் பக்கம் படிபோல அடுக்கினோம். சுற்றி ஜல்லி கொட்டி மிதித்துவிட்டோம். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கூடாது என்றும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக ஊரே அந்தக் கட்டையில் கால் வைத்துத்தான் பின்பக்கக் கதவு வழியாக ஏறுகிறது, இறங்குகிறது. நிறைமாதக்காரிகள் ஏறியிருக்கிறார்கள். ஒருதரம் ஒரு பீரோகூட ஏறியிருக்கிறது.

நான் கீமேன். தினமும் ஏழு கிலோமீட்டர் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, அதைக் கட்டையோடு பிடித்திருக்கும் சாவி என்கிற இரும்பு ஆப்புகள் தளர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டி இறுக்குவது என் வேலை. முப்பத்துநாலு வருஷம் தட்டினேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் ரயில்வேக்காரன் சிரித்துக்கொண்டே வந்தால் எதையோ பிடுங்க வருகிறான் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்தவன்தான்.

என் மகள் காலை ஆறு ஐம்பது பாசஞ்சரில் போகிறவள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வை. ஒன்பது மணிக்கு வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைத்தாக வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறி மூன்று மணி நேரம். ஆக, ரயில் நின்றால் வேலை உண்டு, நிற்காவிட்டால் அவள் நகரத்திலேயே எங்காவது தங்கிக்கொள்ள வேண்டியதுதான். என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகளுக்குக் கட்டிவைத்தவன் ஒருநாள் முடி வெட்டிக்கொள்ளப் போனான், இன்னும் வெட்டி முடியவில்லை. வீட்டில் அவளும் நானும்தான். சாயங்காலம் உட்கார்ந்து வாய்ச்சண்டை போட எனக்கும் ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஒரு ரயில் எங்கள் ஊரில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

போன வருஷம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். பாதையை இரட்டையாக்கப் போகிறார்கள், மின்சார வண்டி விடப் போகிறார்கள், அதனால் மக்களுக்கு என்னென்ன நன்மை என்று சொல்லும் கூட்டம். திட்டத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒரு பெண் வந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். திரையில் படம் காட்டினாள். படத்தில் எங்கள் ஸ்டேஷன் இருந்தது. லிஃப்ட், புதுப் பாலம், பூச்செடி, குடிதண்ணீர்க் குழாய். நாலைந்து பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. எங்கள் ஊரில் அவ்வளவு பல் கிடையாது.

"இப்ப ஒன்னே முக்கால் மணி நேரம் ஆகுற பயணம், இனிமே அம்பத்திரண்டு நிமிஷம்தான்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

டீக்கடைக்காரன் எழுந்தான். "எல்லாம் சரிம்மா. காலை வண்டி நிக்குமா?"

"எந்தெந்த ஊர்ல நிக்கணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, எல்லா ஸ்டேஷன்லயும் மூணு நாள் ஆய்வு நடக்கும். தேதியை ஸ்டேஷன்லயே ஒட்டிடுவோம்."

"ஏம்மா," என்றேன் நான், "லிஃப்ட்டுல ஏறி எங்க போறது? மேல ஏதாவது ஊர் இருக்கா?"

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டதற்குக் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆய்வு என்ற வார்த்தையை அவள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் காதில் அது வேறு மாதிரி விழும். எங்கள் ஊரில் பாதிப் பேர் ரயில்வேயில் இருந்தவர்கள், அல்லது இருந்தவர்கள் பெற்றது. ஆய்வு என்றால் பெரிய அதிகாரி தனி வண்டியில் வருகிறார் என்று அர்த்தம். முதல் நாளே கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்போம், ஆட்டை விரட்டுவோம், லைன் ஓரம் காயும் துணியை எடுக்கச் சொல்வோம். அன்றைக்குக் கண்ணில் படுகிறவனுக்குத்தான் மெமோ. எங்கள் மேஸ்திரி அன்று ஒரே ஒரு உத்தரவுதான் போடுவார்: "ஒருத்தனும் கண்ணுல தட்டுப்படக் கூடாது."

தேதியைச் சொன்னபடி ஒட்டினார்கள். ஒட்டினது பிளாட்பாரத்தில். அங்கே யார் போகிறார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகளோடு கட்டைப் பக்கம் போனேன். எதிரே பிளாட்பாரத்தில் நீலக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் அட்டை, ஏதோ ஒரு சின்னப் பொத்தான் கருவி.

"வந்துட்டானுங்க ஆய்வுக்கு" என்றேன், வண்டிக்குக் காத்து நின்றவர்களிடம். "தண்டவாளத்துல நின்னா அபராதம். எல்லாரும் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடி போங்க. வண்டி வந்து நின்னு அவனுங்களை மறைச்சதும் ஓடிப்போய் ஏறுங்க. சாயங்காலம் இறங்கினதும் அப்படியே ஷெட்டுப் பக்கம் ஓடிடுங்க."

"ஏன் அண்ணே, சும்மா நிக்கிறதுக்கா அபராதம்?" என்றான் டீக்கடைக்காரன்.

"முப்பத்துநாலு வருஷம் இவனுங்களைப் பாத்தவன் சொல்றேன். கேக்கலேன்னா போ, போய் முன்னால நில்லு."

அவன் போய் நிற்கவில்லை. முன்னூறு பேர் பழைய கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். "வேலைக்குப் போறோமா, கன்னம் வைக்கப் போறோமா?" என்று என் மகள் முணுமுணுத்தாள். ஆனால் அவளும் நின்றாள். வண்டி வந்தது, மறைத்தது, ஓடி ஏறினார்கள். வண்டி போனபின் பார்த்தால் நீலக் கோட்டுக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். புதன், வியாழனும் அதே கதை. வியாழன் சாயங்காலம் அவர்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனபோது டீக்கடையில் எனக்கு ராஜமரியாதை. ஒருத்தன் மேலும் அபராதம் விழவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. அதை டீக்கடையில் என் மகள்தான் உரக்கப் படித்தாள். எங்கள் ஸ்டேஷனில் மூன்று நாளில் ஏறினவர்கள் மொத்தம் பதினோரு பேர். தேவை போதாததால் புதுப் பாதை திறக்கும் நாளிலிருந்து இங்கே எந்த வண்டியும் நிற்காது. லிஃப்ட்டும் புதுப் பாலமும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகின்றன.

"பதினோரு பேரா?" என்றான் டீக்கடைக்காரன். "யாருப்பா அந்தப் பதினொன்னு?"

யோசித்துப் பார்த்தோம். தபால்காரர். சிக்னல்காரர் பெண்டாட்டி. பிளாட்பாரத்திலேயே படுத்துக் கிடக்கும் குடிகாரன். அவன் எந்த வண்டி வந்தாலும் ஏறி, ஒருதரம் பார்த்துவிட்டு இறங்கிவிடுவான். மூன்று நாளும் அவனை எண்ணியிருக்கிறார்கள்.

"அவனுங்க அபராதம் போட வரல," என்றாள் மகள், தாளைப் பார்த்துக்கொண்டே. "தலையை எண்ண வந்திருக்கானுங்க."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாற்பது வார்த்தை வைத்திருந்தேன். டீக்கடைக்காரன் என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். இன்னொன்று போடட்டுமா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன். "இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? மறுபடியும் ஷெட்டுக்குப் பின்னாடி போய் நிக்கலாம்."

"நான் என்ன வேணும்னா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. வேணும்னு பண்றவன் கொஞ்சமாவது யோசிச்சிருப்பான்."

அவள் அம்மா இருந்திருந்தால் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பாள், ஆனால் கத்திச் சொல்லியிருப்பாள்.

முறையீடு செய்ய ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். நகரத்துத் திட்ட அலுவலகத்தில், மூன்றாவது மாடி. மகள் அரை நாள் லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனாள். அதே மக்கள் தொடர்புப் பெண்தான் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "லிஃப்ட் ஐயா!" என்றாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை அடுக்கினது நாங்கள்தான் என்று சொன்னேன். முப்பது வருஷமாகத் தினம் முன்னூறு பேர் தப்பான பக்கம் ஏறுகிறார்கள், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எண்ணினால் தெரியாது, அந்த மூன்று நாளும் ஒளிந்துகொள்ளச் சொன்னவன் நான், தப்பு என்னுடையது, ஊரின் மேல் போடாதீர்கள் என்று சொன்னேன். சர்வீஸில் மூன்று மெமோ வாங்கியிருக்கிறேன். ஒன்றில்கூடத் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டதில்லை.

அவள் எழுதிக்கொண்டே கேட்டாள். பாதியில் பேனாவை வைத்துவிட்டு, "தினம் முன்னூறு பேரா லைனைத் தாண்டுறாங்க?" என்றாள்.

"கூடவே இருக்கும். பஸ் ஸ்டாப்பும் அந்தப் பக்கம்தானே. பள்ளிக்கூடப் பிள்ளைங்கல்லாம் தாண்டித்தான் போகும்."

"இதை எழுத்துல கொடுப்பீங்களா ஐயா? உங்களை மாதிரி பழைய ஊழியர் சொன்னா அதுக்கு ஒரு கனம் இருக்கும்."

மகள் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் என்னைப் படம் பிடித்துக்கொண்டாள். வாசல்வரை வந்து, "உங்களை மாதிரி நாலு பேர் வெளிப்படையா பேசினா எங்களுக்கு வேலை சுலபம் ஐயா" என்றாள். நான் நம்பினேன். இந்த வயதில், ஒரு ரயில்வே ஆளின் பேச்சை. திரும்பி வரும்போது ரயிலில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வண்டி நம் ஊரில் நிற்கும், நிற்கும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பதில் இரண்டு மாதத்தில் வந்தது. ஆய்வை மறுபடி நடத்த விதியில் இடமில்லை. ஆனால் முன்னாள் ஊழியர் தெரிவித்துள்ள அபாயகரமான பழக்கத்தை நிர்வாகம் மிகக் கவனமாக எடுத்துக்கொண்டுள்ளது. மக்களின் பாதுகாப்புக்காகப் பாதையின் இருபுறமும் சுவர் எழுப்பப்படும்.

எழுப்பினார்கள். எட்டடி உயரம். என் கட்டைகளை அரை மணி நேரத்தில் பெயர்த்து லாரியில் போட்டார்கள். மின்கம்பிக்கு இடிக்கிறது என்று பழைய நடைபாலத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பஸ் பிடிக்க வேண்டும் என்றால் இரண்டு கிலோமீட்டர் நடந்து சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப்போக வேண்டும். திட்டத்தின் நன்மைகள் என்று ஒரு புத்தகம் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஏழாவது பக்கத்தில் என் படம். 'ஊர்ப் பெரியவரின் கோரிக்கையை ஏற்றுக் கட்டப்பட்ட பாதுகாப்புச் சுவர்.' அந்தப் படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"உங்க சுவரு ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணே" என்றான் டீக்கடைக்காரன். காலைக் கூட்டம் இல்லாமல் அவன் கடையைப் பாதி நாள்தான் திறக்கிறான். அவன் எது சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவன் நான்.

பொய் சொல்லக் கூடாது. வேலை சுத்தம். தண்டவாளத்தை இணைத்திருக்கும் நேர்த்தியில் வண்டி போகும்போது தடக் தடக் சத்தமே இல்லை, துணி கிழிகிற மாதிரி ஒரே சத்தம்தான். தட்டி இறுக்கச் சாவியும் கிடையாது. அடுத்த ஸ்டேஷன்காரர்களுக்கு நல்ல காலம். அங்கே ஒரு டாக்டர்கூட வந்துவிட்டார், நகரத்திலிருந்து தினம் வந்து போகிறாராம். நாங்கள் இங்கிருந்து அங்கே போக ஒன்றேகால் மணி நேரம்.

மகள் இப்போது ஆஸ்பத்திரி பக்கம் ஓர் அறையில் மூன்று பெண்களோடு இருக்கிறாள். பெட்டியைக் கட்டும்போது, "நீயும் வந்துடேம்ப்பா" என்றாள். "நாலு பொம்பளைங்க இருக்குற ரூம்ல நான் எங்க, கட்டிலுக்கு அடியிலயா?" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருதரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வருவதற்குள் பாதி நாள் போய்விடும், கிளம்ப மீதி நாள்.

போன மாதம் ஆஸ்பத்திரி வேலையாக அவளை வடக்கே ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். புது வண்டியில்தான். எங்கள் ஊரைத் தாண்டித்தான் அது போகிறது. முதல்நாளே போன் பண்ணினாள். "காலைல எட்டு இருபதுக்கு நம்ம ஊரைத் தாண்டும்ப்பா. லைன் பக்கம் வந்து நில்லு. நான் ஜன்னல் சீட்டுதான்."

சவரம் செய்துகொண்டு போய் நின்றேன். சுவரிலிருந்து எவ்வளவு பின்னால் போனால் வண்டியின் ஜன்னல் தெரியும் என்று நடந்து நடந்து பார்த்தேன். ஷெட்டுச் சுவரில் முதுகு முட்டும்வரை போனேன். வண்டியின் கூரை தெரிந்தது. கம்பி தெரிந்தது. கையைத் தூக்குவதற்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"நின்னியாப்பா?"

"நின்னேன். நல்லா கையைக் காட்டினேன். நீ பாக்கலையா?"

"சுவருதான்ப்பா தெரிஞ்சுது."

நான் சுவரைப் பார்த்தேன்.

"நீ கேட்டு வாங்கின சுவராச்சே" என்று சொல்லிச் சிரித்தாள். கேலிக்குத்தான் சொன்னாள். என் குரல் கேட்காததால், "அப்பா? இருக்கியா?" என்றாள். அதற்குள் அவள் வண்டி அடுத்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஏறுகிற சத்தம் போனில் கேட்டது.