சதுக்கத்துக்கு அவர் பெயர்

சதுக்கத்துக்கு முதலில் ஓர் அரசரின் பெயர் இருந்தது. அரசர் போனார், தளபதி வந்தார். தளபதியும் போனபின், யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாமென்று ஒரு தேதியைப் பெயராக வைத்தார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அந்தத் தேதியே ஆகாமல் போயிற்று. கடைசியாக வந்தது 'ஒற்றுமைச் சதுக்கம்'. அந்தப் பெயரை முடிவுசெய்த கூட்டத்தில்தான் இரண்டு உறுப்பினர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகையை மாற்ற வரும் நகராட்சி ஆட்கள் ஏணி இல்லாமல் கையை வீசிக்கொண்டுதான் வருவார்கள். மூலையிலிருந்த இரும்புக்கடைக்காரர்தான் ஏணி கொடுப்பார். கீழே நின்று பிடித்தும் கொள்வார்.

"திருகாணியை ரொம்ப முறுக்காதீங்க தம்பி. அடுத்த தடவை கழட்டுறவங்க பாவம்" என்பார்.

அவர் இறந்த சில மாதங்களில், முடிதிருத்துபவரும் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியைப் பார்க்கக் கடைக்கு வந்தார்கள். 'ஒற்றுமை'யைக் கழற்றப்போகிறார்கள், புதுப் பெயரைச் சதுக்கத்துக்காரர்களே சொல்லலாமாம்.

"அண்ணி, அண்ணன் பேரையே வச்சிடலாம்னு எல்லாரும் முடிவு பண்ணியிருக்கோம்" என்றார் முடிதிருத்துபவர்.

"எல்லாரும்னா?"

"நாங்க ரெண்டு பேரும். மத்தவங்ககிட்ட இனிமேதான் சொல்லணும். நீங்க சரின்னா போதும்."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. தினமும் கடையைத் திறக்கும்போது நிமிர்ந்தால் நீலப் பலகையில் அவர் பெயர். 'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நாலஞ்சு வருஷத்துல இதையும் கழட்ட வருவாங்களே?" என்று கேட்டாள்.

"அண்ணன் பேரை யாரு கழட்டுவா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அந்த அரசரும் அப்படித்தான் நெனைச்சிருப்பாரு."

முடிதிருத்துபவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"அவரை ஒரு தடவை தூக்கிட்டுப் போனதைப் பார்த்தாச்சு. இன்னொரு தடவை, நானே ஏணியைக் குடுத்து, கீழே நின்னு பிடிக்கணுமா? வேணாம் தம்பி."

"அப்ப என்ன பேரைத்தான் சொல்றது?" என்றார் முடிதிருத்துபவர்.

"உங்க பேரைச் சொல்லுங்களேன்."

"என் பேரா?" என்று அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"இவர் பேரா? அதுக்கு அந்தத் தளபதியே தேவலை" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஏன், என் பேருக்கு என்ன குறைச்சல்?"

இருவரும் மல்லுக்கட்டியபடியே வெளியே இறங்கினார்கள். இந்த மாதிரிச் சண்டை என்றால் இரும்புக்கடைக்காரர் சாமான் வாங்க வந்த ஆளைக்கூட நிற்கவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அவள் வாசலுக்கு வந்து, அவருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.