கிணறு இறைக்காத ஆண்டு

பதினொன்று இல்லை, பன்னிரண்டு, இன்று காலையில் காலராவில் போன கயிறு திரிப்பவனின் பெண்டாட்டியையும் சேர்த்தால் பன்னிரண்டு, ஒரே சந்தில், ஒன்பது நாளில், முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, இதைப் பார்த்த பிறகும் கிணறுதான் காரணம் என்று கண்டுபிடிக்க நாகசாகியில் ஐந்து வருஷம் ஹாலந்து வைத்தியம் படித்திருக்க வேண்டுமா என்ன... கண்டுபிடித்துத்தான் என்ன ஆயிற்று, கிணற்றைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மூடவும் விட மாட்டார்களாம், மருந்து போடவும் விட மாட்டார்களாம், நேற்று சுண்ணாம்போடு போன கான்ஸ்டபிள் ஹயாமியின் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டார்கள். இன்று நீங்களே வாருங்கள் என்றான், வந்துகொண்டிருக்கிறேன், இந்தத் துறைமுகத்தின் சுகாதார அதிகாரி குரோசே, கையில் சுண்ணாம்பு வாளி, பிடரியில் வெயில், பக்கத்தில் புதுத் தொப்பியோடு ஹயாமி. நான் கிணற்றில் விஷம் போடுகிறேனாம், நோயில் விழுந்தவர்களை மேட்டிலிருக்கும் காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போய் ஈரலை அறுத்து வெள்ளைக்காரக் கப்பலுக்கு விற்கிறேனாம். சிரிப்பு வரவில்லை. ஊர் முழுக்கச் சேர்த்துக் கொட்டகைக்குள் போனவர்கள் முப்பது பேர், நடந்து திரும்பியவர்கள் நாலு பேர், அப்புறம் ஏன் நம்ப மாட்டார்கள், நானாக இருந்தாலும் நம்பித்தான் தொலைப்பேன்.

செத்துப்போன கிச்சிஸோவின் பெண்டாட்டி ஒதோசேயும் அங்கே உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்தால்தான் கால் இழுக்கிறது, மற்றவர்களைச் சமாளித்துவிடலாம், கெஞ்சலாம், மிரட்டலாம், ஒதோசேயை எப்படிப் பார்ப்பது... மூன்று தடவை என் ஆபீசுக்கு வந்தான் அவள் புருஷன், முதல் தடவை குமாஸ்தா வாசலோடு அனுப்பினான், இரண்டாம் தடவை நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அசையவில்லை, மூன்றாம் தடவை பார்த்தேன். நாளைக்குக் கிணறு இறைக்கிற நாள், ஒரே ஒரு நாளைக்கு உத்தரவு வேண்டும் என்று கேட்டான். பழைய பஞ்சாங்கப்படி ஏழாம் மாதம் ஏழாம் நாள் சந்தே திரண்டு கயிற்றைப் பிடித்துக் கிணற்றை ஒட்ட இறைப்பார்கள், ஒருவன் உள்ளே இறங்கிச் சேற்றை வாரிச் சுவரைத் தேய்ப்பான், பிறகு மூடி போட்டு உப்பும் சாக்கே மதுவும் படைப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பது வருஷமாக இறங்குகிறவன் இந்தக் கிச்சிஸோ. பத்துப் பேருக்கு மேல் எங்கும் கூடக் கூடாது என்பது என் உத்தரவு, திருவிழா இல்லை, கூத்து இல்லை, மல்யுத்தம் இல்லை, இந்தக் கரையிலேயே முதலில் போட்டவன் நான், மேலிடத்திலிருந்து பாராட்டிக் கடிதம்கூட வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாய்க்கொழுப்பு. "அரசாங்கக் காலண்டர்ல ஏழாம் மாசம் ஏழாம் தேதி போய் ஒன்றரை மாசம் ஆச்சேப்பா, அப்ப என்ன தூங்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டேன். குமாஸ்தா சிரித்தான், நான் சிரித்தேன், ஐயோ, கிச்சிஸோவும் மரியாதைக்குச் சிரித்தான். சிரித்துவிட்டு, "இல்லீங்க, அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தான், நான் கையை உயர்த்தினேன். குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான். செத்த பன்னிரண்டு பேரில் அவன் இரண்டாவது ஆள். அந்தத் தண்ணிக்கு என்ன என்று கேட்டிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அரை நிமிஷம் ஆகியிருக்குமா, அந்த அரை நிமிஷத்தில் நான் என்ன பெரிய காரியம் கிழித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஒதோசே கிணற்று மேடையிலேயே உட்கார்ந்திருந்தாள், தலை வாரவில்லை, அழவும் இல்லை. அவளுக்குப் பின்னால் இருபது பெண்கள், இதுவே என் உத்தரவுப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்குள் ஒரு குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று முனகியது, அந்த முனகல் எனக்குத் தெரியும், மதியத்துக்குள் அது அடங்கிவிடும், யாராவது இரக்கப்பட்டு இந்தக் கிணற்றிலிருந்தே ஒரு வாய் கொடுப்பார்கள், அடுத்த வீட்டிலும் கொடுப்பார்கள்... நான் பேசினேன், கிணற்றை மூட வேண்டும் என்றேன், கோயில் ஊற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் வரும் என்றேன், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்றேன். விறகு யார் கொடுப்பது என்று ஒருத்தி கேட்டாள், ஈரல் விற்ற காசில் வாங்கித் தருவார் என்றாள் இன்னொருத்தி, நாலைந்து பேர் சிரித்தார்கள். காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது, சாமுராய் வீட்டில் பிறந்தவன், விழுந்தால் ஹயாமி ஊரெல்லாம் சொல்வான், சொல்லட்டுமே, பன்னிரண்டு பிணத்துக்கு மேல் எனக்கு என்ன கௌரவம் வேண்டிக் கிடக்கிறது. விழவில்லை. வேறொன்று வாயில் வந்தது. "இறைச்சிடலாம். இன்னிக்கே, எல்லாரும் சேர்ந்து." ஐயா உங்கள் உத்தரவு என்று ஹயாமி காதில் முணுமுணுத்தான், எனக்கும் தெரியும் என்றேன். ஒதோசே முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு இறங்குவா?" என்றாள்.

ஆள் பிடித்துத் தருகிறேன் என்றேன்.

"எங்க வீட்டுக்காரர் இறங்குவாரு. அவரைத்தான் நீங்க கொண்டுபோய் எரிச்சிட்டீங்களே. நீங்க இறங்குங்க வைத்தியரய்யா."

உச்சி வெயில் வரை இறைத்தார்கள், நான் ஒவ்வொரு வாளிக்கும் சுண்ணாம்பு கொட்டினேன், அப்புறம் கோட்டைக் கழற்றி வைத்தேன், இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள், கட்டியது ஒதோசேதான், நன்றாக இழுத்துக் கட்டினாள். இறங்க இறங்க வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. கயிற்றின் முன்னால் அவள், அவளுக்குப் பின்னால் நான் கொட்டகைக்கு அனுப்பியவர்களின் பெண்டாட்டிகள், தங்கைகள், எல்லாரும் ஒன்றாகக் கையை விட்டால்... வழுக்கிவிட்டது என்று ஹயாமி எழுதுவான், யார் கேட்கப் போகிறார்கள், கேட்கத்தான் என்ன நியாயம் இருக்கிறது. பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கணுக்கால் வரை சேறு, ஐஸ் மாதிரி குளிர். கிணறுகளைப் பற்றி மூன்று அறிக்கை எழுதியிருக்கிறேன், படம் போட்டு, அளவு குறித்து, ஒரு கிணற்றுக்குள்ளும் இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வாரி வாரி வாளியில் போட்டேன், மேலே போனது, காலியாக வந்தது, பலகை வளையங்களை அடுக்கிய சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன், கீழிருந்து மூன்றாவது வளையத்தில், கக்கூஸ் இருக்கும் பக்கமாக, கை உள்ளே போய்விட்டது. பலகை உளுத்து ஒரு சாண் ஓட்டை, அதிலிருந்து கறுப்பாகக் கசிகிறது, மோந்து பார்க்கவே தேவையில்லை. இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்கே அகப்பட்டுவிட்டது, பத்தொன்பது வருஷம் இறங்கியவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஓட்டையின் ஓரத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன், சணலும் களிமண்ணும் பிசைந்து அப்பிய துண்டு, அதில் நாலு விரல் அழுந்திய தடம், அகலமான விரல்கள்... போன வருஷமே பார்த்திருக்கிறான், அடைத்திருக்கிறான், ஒரு வருஷம்தான் தாங்கும் என்று தெரிந்திருக்கிறது, அதற்காகத்தான் மூன்று தடவை வந்திருக்கிறான். நான் காலண்டர் பேசினேன்.

"வைத்தியரய்யா," ஒதோசேயின் குரல், மேலே இருந்து, நிதானமாக. "எங்க வீட்டுக்காரர் வச்ச அடைப்பு இருக்குதா?"

அப்படியானால் அவளுக்குத் தெரியும். அடைப்பைப் பற்றி அவன் அவளிடம் சொல்லாமல் இருந்திருப்பானா, ஒவ்வொரு தடவை என் வாசலிலிருந்து திரும்பிய பிறகும் சொல்லியிருப்பான்... ஒருவேளை அவள் விஷத்துக்குப் பயந்தே உட்காரவில்லையோ, நான் சுண்ணாம்பைக் கொட்டி மூடி ஆணி அடித்திருந்தால் இந்த அடைப்பு இங்கேயே புதைந்து போயிருக்குமே, அதற்காகத்தான் உட்கார்ந்தாளோ, என்னை இறக்கியதும் இதற்குத்தானோ, இதை என் கையால் தொட வேண்டும் என்று... இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மேலே போய்விடலாம் என்று தோன்றியது, சீ, இந்த ஆழத்தில் நிற்கும்போதும் அதுதான் தோன்றுகிறது எனக்கு. கயிறு இடுப்பில் அப்படியே இருந்தது, இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை.