பாலிஷ் கூடத்தில் தையல் மெஷின்

பழைய பாத்திரத் தொழிற்சாலையைக் காப்பாற்றப் போகிறோம் என்று நகராட்சி அறிவித்தபோது முதலில் கை தட்டியவள் தையல்காரிதான். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. தெருவைப் பார்த்த முகப்புச் சுவர் மட்டும் நிற்குமாம். முதலாளியின் பெயரைக் கல்லில் செதுக்கிய சுவர். பின்னாலிருந்த பாலிஷ் கூடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவார்களாம். அவளுடைய அம்மா ஆயுசில் பாதியை அந்தக் கூடத்தில்தான் கழித்தாள், வாளிக்கும் கரண்டிக்கும் பளபளப்பு ஏற்றிக்கொண்டு.

தையல்காரி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடிக்க வந்த காலையில் தன் தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் இறக்கினாள். யாரோ கொடுத்த கால்சட்டைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்துவிட்டாள். பொக்லைன் ஓட்டி வந்தவன், பார்த்தால், அவள் கூடப்பிறந்த தம்பி.

“அக்கா, விளையாடாத. எந்திரி.”

“வேலையா இருக்கேன்டா. கண்ணு தெரியலையா?”

“என் பிழைப்புல மண்ணைப் போடாதக்கா.”

அது அவளுக்குச் சுருக்கென்றது. காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

“முதலாளி பேரு நிக்கணும், நம்ம அம்மா நின்ன இடம் தரைமட்டமாகணும், அப்படித்தானே? இடிக்கிறதுன்னா இடி. நான் நகர்றதா இல்ல.”

“தூக்கி வெளியே போடுப்பா!” என்று வாசலில் நின்ற காண்ட்ராக்டர் கத்தினார்.

தம்பி திரும்பினான். “என் அக்கா மேல கை வெச்சுப் பாருங்க” என்றான். இன்ஜினை அணைத்துச் சாவியை அவர் காலடியில் எறிந்துவிட்டு, அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்தான்.

மதியத்துக்குள் முடிதிருத்துபவர் நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். “என் கடையைவிட இங்க வெளிச்சம் நல்லாவே இருக்கு” என்று முதலில் வந்த ஆளின் கன்னத்துக்கு நுரை தடவினார். இஸ்திரிக்காரர் வந்தார், சைக்கிள் பழுது பார்ப்பவர் வந்தார். சாயங்காலம் தெருவே கூடத்துக்குள் குடியேறியிருந்தது.

போலீஸ் வந்து மிரட்டிப் பார்த்தது. பிறகு மேயரே வந்து குழைந்தார்.

“முகப்புலயே உங்களுக்கு ஒரு கடை ஒதுக்கித் தர்றோம்மா.”

“கடை இருக்குங்க. கூடம்தான் வேணும்.”

மழைக்காலம் முடியும்வரை யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில் நகராட்சிதான் இறங்கி வந்தது. கட்டடம் முழுசாக நின்றது.

புதுப்பித்த கட்டடத்தின் திறப்பு விழாவன்று தம்பி எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். வேலை போனதிலிருந்து அவன் அவளிடம் பேசுவதில்லை. தையல்காரி தெருவைக் கடந்து போனாள்.

“இன்னும் கோபமாடா?”

“ஆமா.”

“இருக்கட்டும். உள்ள வா.”

“இன்னும் ரிப்பனே வெட்டல. மேயர் வரணும்.”

“அவரு வரும்போது வரட்டும். நீ குனிஞ்சு வா” என்று அவனை வாசல்வரை இழுத்துவந்து ரிப்பனைத் தூக்கிப் பிடித்தாள்.