சேட்டுவின் மேல் விழுந்த பழி

என் ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. குற்றவாளி, எங்கள் பூனை சேட்டு.

பூனைக் கழிவில் ஒரு கிருமி இருக்கலாம், கர்ப்பகாலத்தில் புதிதாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தைக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் ‘பூனை’ மட்டும் என் மாமியார் செல்வமேரியின் காதில் தங்கியது.

“டாக்டராண்ட போறப்போ இதையும் எட்துகினு போயி, அப்டியே கூடுவாஞ்சேரில பேபி வூட்ல வுட்டுட்லாம்,” என்றார். பேபி அவருடைய தங்கை. என் கணவர் ஆபேல் சேட்டுவைக் காய்கறிப் பையில் போட்டார். அது உள்ளேயே தூங்கிவிட்டது.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. மூன்று மாதமாகப் பால்கனியில் இருக்கும் கற்பூரவள்ளித் தொட்டியின் மண்ணைத் திருடித் தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றினால் எழும் அந்த வாசனையின் முன் என் எம்.காம். படிப்பு எடுபடவில்லை. சேட்டுவும் அந்தத் தொட்டியில்தான் வெளிக்குப் போகும். அது ஓரத்தில், நான் நடுவில் என்று மனதுக்குள் எல்லை பிரித்திருந்தேன். தாய்மை என்னை நல்லவளாக்கும் என்று நம்பியவள், ஒரு பூனையின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தாம்பரம் கிளினிக்கில் டாக்டர் பரிசோதனை முடிவு உறையைப் பிரிக்கும் முன் கேட்டார்: “பூனை போன மண்ணைக் கையால தொட்டீங்களா?”

பை மெதுவாக ‘மியாவ்’ என்றது. அதற்குமேல் தாங்கவில்லை.

“தொட்டது மட்டும் இல்ல டாக்டர். தின்னேன்.”

“எதை?” என்றார் ஆபேல்.

“மண்ணை. சேட்டு மேல தப்பில்ல.”

டாக்டர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு தாளைப் படித்தார். “இது பழைய தொற்று சினேகா. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்து போயிருக்கு. எதிர்ப்புச் சக்தி இருக்கறதால குழந்தைக்குப் பயமில்ல. ஆனா மண்ணை நிறுத்துங்க, வேற புழு வரும். அந்த ஆசை போக இரும்புச்சத்து மாத்திரை தரேன். பூனை அசிங்கத்தை இனிமே சார் அள்ளட்டும்.”

“கல்யாணத்துக்கு முன்னாடியேவா,” என்றார் மாமியார். “அப்ப இது உங்க அம்மா வூட்டு சீரு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆபேல் மாத்திரை வாங்கப் போனார். மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தார்.

“அவன் வயித்துல இருக்கறப்போ நானு செங்கல்லத்தான் கடிச்சேன். அவனாண்ட சொல்லாத.”

“எப்டி இருந்துச்சு அத்தை?”

சற்று யோசித்தார். “நனைச்சிக்கினா நல்லா இருக்கும்.”