இசாக்கா ஓடாத ஆட்டம்

ஐந்தருவிக்குக் கீழே ஒரு பாறையில் இசாக்காவைப் படுக்க வைத்து, அவனுடைய வலது முட்டியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான் மாடன். உள்ளே என்னமோ நழுவியது, நண்டு வளைக்குள் போகிற மாதிரி. குற்றாலத்தில் பதினெட்டு வருசமாக எண்ணெய் தேய்க்கிறவன் அவன். அந்த நழுவல் நல்லதுக்கில்லை என்று கைக்கு உடனே தெரிந்துவிட்டது.

"என்ன மாடா, ஓடிருவாருல்லா?" என்றான் தலைமாட்டில் குடையோடு நின்ற பீர் மைதீன். தென்காசி நெசவாளர் கால்பந்துக் குழுவுக்கு அவன்தான் செயலாளர். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு செங்கோட்டைக்காரர்களோடு பைனல்.

"ஓடுனா கால் போயிரும் சாயபு."

"போவாது போவாது. ஊரு பூரா நோட்டீஸ் ஒட்டியாச்சு. கடையத்துல இருந்து வண்டி கட்டிட்டு வாரானுவ. ஒரு மணி நேரம் வலி தெரியாமப் பண்ணு, அது போதும்."

சொல்லிவிட்டு அவன் டீக்கடைப் பக்கம் போனான்.

இசாக்கா ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட்காரன், குமாசி ஊர். யுத்தத்தில் பட்டாளத்தோடு வந்தவன் ஊர் திரும்பாமல் கல்கத்தாவில் நாலு வருசம், கொழும்பில் ஆறு வருசம் கால்பந்தில் சென்டர் பார்வர்டாக ஆடினான். எல்லாம் வெறுங்காலில்தான். போன வருசம், ஐம்பத்தஞ்சில், முட்டி போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டான். இனி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பந்து சொல்லிக்கொடுக்கும் வேலை காத்திருந்தது. டாக்டர் காலைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அதுவும். பம்பாயில் கப்பல் ஏற இன்னும் பன்னிரண்டு நாள். சாரலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கால் தேறும் என்று கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த பீர் மைதீனின் அண்ணன் அவனைத் தென்காசிக்கு அனுப்பினார். வந்த மூணாம் நாளே தம்பிக்காரன் நோட்டீஸ் அடித்துவிட்டான்.

எண்ணெய் தேய்க்கிறவனுக்கு ரெண்டு பிடி தெரியும். ஒன்று ஆளை எழுப்புகிற பிடி. இன்னொன்று ஆளைச் சாய்க்கிற பிடி. பிடரியிலும் உள்ளங்காலிலும் மெல்ல மெல்லத் தேய்த்து, அருவியில் நிற்க வைத்து, வயிறு நிறையச் சோறு போட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் பொழுது சாயும் வரை அசைய மாட்டான். மாடன் ரெண்டாவது பிடியைப் பிடித்தான். தூங்கட்டும். தூங்கினால் கால் மிஞ்சும்.

இசாக்காவின் மூச்சு நீண்டது. திடீரென்று கண்ணைத் திறந்து மாடனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"நானா, என்னைத் தூங்க வைக்க ஆரு சொன்னது?" கொழும்புத் தமிழ்; அங்கே நானா என்றால் அண்ணன். "கல்கத்தாவில ஒருத்தன் இப்பிடித்தான் தேய்ச்சான், பைனல் அண்டைக்கு. அவன் மத்தப் பக்கத்து ஆள். செங்கோட்டைக்காரன் உங்களுக்கு என்ன தந்தான்?"

மாடனுக்குக் காது சுட்டது.

"ஒரு பயலும் ஒண்ணுந் தரல. எந்திரிங்க தம்பி. வலது கால்ல மட்டும் நின்னு குத்தவையுங்க பாப்போம்."

இசாக்கா முறைத்துக்கொண்டே எழுந்தான். பாதி மடங்குவதற்குள் முட்டி பக்கவாட்டில் விலகியது. மாடன் பாய்ந்து கக்கத்தில் கை கொடுத்தான். எண்ணெய் உடம்பு வழுக்கி ரெண்டு பேரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள்.

"இங்கன விழுந்தீக, பிடிக்க நான் இருந்தேன்" என்றான் மாடன், இருமிக்கொண்டே. "அங்கன ஓடும்போது ஆரு பிடிப்பா?"

இசாக்கா தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் சொன்னான்: "பீர் மைதீன்ட வீட்டுச் சோறு தின்னுறன். பள்ளியில பக்கத்துல நிண்டு தொழுறன். ஏலாதுன்னு எப்பிடிச் சொல்ல?" முட்டியைத் தடவிக்கொண்டே, "ஓட மாட்டன் நானா. சும்மா நிக்கிறன். நான் நிண்டாலே செங்கோட்டைக்காரன் ரெண்டு பேர் என்னோட நிப்பான்."

"பந்து காலுக்கு வந்தா?"

இசாக்கா எழுந்து முட்டியில் துணியை இறுக்கிக் கட்டினான்.

சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் எல்லைக்கோடு வரை வந்து நின்றது. கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் செங்கோட்டை பேக்குகள் ரெண்டு பேரும் இசாக்காவை விட்டு நகரவே இல்லை. அவன் தலையைத் திருப்பினால் அவர்களும் திருப்பினார்கள். இடது பக்கம் ஆளில்லாமல் கிடந்தது. தென்காசிக் குழுவின் சேக் தாவூது அந்த வழியாகப் போய் ஒரு கோல் போட்டான். பீர் மைதீன் குடையைத் தூக்கி எறிந்தான்.

ரெண்டாம் பாதியில் சாரல் பிடித்தது. செங்கோட்டை ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் இசாக்கா ஓடவே இல்லை என்பதை ஒரு பேக் கண்டுகொண்டான்.

"எடா, இவன் பொம்மையாக்கும்! விட்டுட்டு வா!"

ரெண்டு பேரும் இசாக்காவை விட்டுவிட்டு முன்னே ஏறிப்போனார்கள். கடைசி விசிலுக்கு மூணு நிமிசம் இருக்கும்போது, வெளியே போன பந்தை எடுத்து சேக் தாவூது ஓங்கி உள்ளே எறிந்தான். அது இசாக்காவுக்கு முன்னால் சகதியில் விழுந்து மெதுவாக உருண்டது. நாலே எட்டில் பந்து. செங்கோட்டை கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான்.

"அடிலே! அடி!" மைதானமே எழுந்தது.

கோட்டோரம் நின்ற மாடன் இசாக்காவின் வலது தொடையை மட்டும் பார்த்தான். சதை முறுக்கேறியது. குதிகால் தரையை விட்டு எழும்பியது. பத்து வருசம் ஓடின கால் அது.

குதிகால் கீழே இறங்கியது. பந்து உருண்டு, கோல் கம்பத்துக்கு வெளியே கோட்டைத் தாண்டிப் போனது.

அப்புறம் வசவு. சகதி பறந்து வந்தது. அடுத்த ஓட்டத்திலேயே செங்கோட்டை கோல் போட்டது, விசிலும் அடித்தாயிற்று.

பீர் மைதீன் மாடனின் துண்டைப் பிடித்து இழுத்தான். "ஏலே, என்னலே பண்ணித் தொலைச்ச அவரை? எவன்ட்ட வாங்குன?"

"அவர விடுங்க" என்று இசாக்கா நடுவில் வந்தான். முகமெல்லாம் சேறு. "பந்தை விட்டது நான். தெரிஞ்சுதான் விட்டன்."

பீர் மைதீன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தான். துணிக்கட்டுக்கு மேலே அது தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. சும்மா நின்றதற்கே அப்படி.

"வண்டி கூப்பிடுதேன்" என்றான் கடைசியில், உர்ரென்று.

"வேணாம். நடக்கிறன்."

கூட்டம் வழி விட்டது, திட்டிக்கொண்டேதான். ஒருத்தன் முதுகில் சகதியை அடித்தான். இசாக்கா திரும்பவில்லை. மாடன் பின்னாலேயே போனான், இசாக்காவின் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டு. வலது கால் ஊன்றியது. இடது. மறுபடியும் வலது ஊன்றியது.