தொண்ணூற்றொன்பது நத்தைகள்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரும்புள்ளிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் புள்ளி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது ஒருத்திதான். புள்ளியியல் பார்க்கிறவள் என்பதால் முதலில் புள்ளியியல் மேடம் என்றார்கள். அது வாயில் நுழையாமல் புள்ளியக்கா ஆயிற்று. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா போட்டார்கள். உறவு கொண்டாடினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பது படித்தவர்களுக்குத் தெரியாதா என்ன?

அவள் அறை தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் மாடியில் ஊடகத் துறை, இரண்டாவதில் உயிரியல், மூன்றாவதில் நிதித் துறை. மூன்று மாடியிலிருந்தும் பென் டிரைவோடு இறங்கி வந்து, "அஞ்சு நிமிஷ வேலைதான்க்கா" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷம் நாலு நாள் இழுக்கும். சராசரி எடுத்து, வரைபடம் போட்டு, இது தற்செயலா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டு அவள் பார்த்துக் கொடுத்தால் அது ஒரு கட்டுரை ஆகும். மேலே அவர்கள் பெயர் இருக்கும். இவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில். பதினோரு வருஷத்தில் முப்பத்தெட்டு நன்றி வாங்கியிருந்தாள். அதில் ஒன்பது இடத்தில் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். ஒரு கட்டுரையில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் அவளுக்கும் சேர்த்தே நன்றி சொல்லியிருந்தார்கள், மெஷினை முதலில் போட்டு.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஆனால் நன்றியை வைத்து நிரந்தர வேலை வாங்க முடியாது. அவளுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. நிரந்தரம் ஆக வேண்டுமானால் நேர்காணலுக்குப் போக வேண்டும், போகிறவர்களுக்கு நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது, ஆசிரியர் என்று பெயர் போட்ட கட்டுரை ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. வருகிற திங்கட்கிழமை நேர்காணல். இதை விட்டால் கதை முடிந்தது.

கடவுள் கண் திறந்த மாதிரி இந்த வருஷம்தான் அவளுக்கு அந்த ஒரு கட்டுரை வாய்த்தது. கொடுத்தது இரண்டாம் மாடி நத்தை மேடம். ஊரில் இருபது ஈரச் சுவர்களைப் பிடித்து, வாரா வாரம் போய் நத்தை எண்ணுவது அந்த அம்மாளின் ஆராய்ச்சி. சுவருக்குச் சராசரியாக ஆறு நத்தை இருக்கும். தெருவிளக்கு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறிய இரண்டு வாரத்தில் அந்த ஆறு, இருபத்துநாலைத் தாண்டியது. வெள்ளை விளக்கு நத்தையைப் பெருக்குகிறது என்று கட்டுரை எழுதி, "உன் பேரையும் ரெண்டாவதா போட்டுட்டேன், சந்தோஷமா?" என்றார் நத்தை மேடம், ஏதோ பழைய புடவையைக் கொடுக்கிற மாதிரி. புள்ளியக்காவுக்கு அது பட்டுப் புடவைதான். கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அதோடு விட்டதா? பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் பயந்துபோய்த் தோட்டத்துக்குப் பூச்சி மருந்து வாங்கினார்கள். முதல் மாடிச் செய்தி சார், நத்தைச் செய்தி எப்படிப் பரவியது என்று ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். மூன்றாம் மாடி ஷேர் சார், அந்தச் செய்தியால் பூச்சி மருந்துக் கம்பெனியின் பங்கு விலை எப்படி ஏறியது என்று இன்னொன்று தொடங்கினார். இயக்குநர் வாசலில் பேனரே கட்டிவிட்டார்: ஒரு நத்தை, மூன்று துறை. புள்ளியக்காவின் மாமியார் செய்தியைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியதோடு, பால்கனி வெள்ளை விளக்கைப் போடுவதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லாரும் இருட்டில் துணி காயப்போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷேர் சார் வந்தார். பங்கு விலைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நத்தைக் கோடும் ஓடினால் பார்க்க ஜோராக இருக்கும், வாரவாரி எண்ணிக்கை வேண்டும், அஞ்சு நிமிஷம்தான் என்றார். அவள் நத்தை மேடத்தின் மூலப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். ஆறு, ஐந்து, ஏழு, ஆறு. பதினாலாவது சுவர், 99. பதினைந்து, 99. பதினாறு, பதினேழு, இரண்டும் 99.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது யார் எண்ணியதும் இல்லை. அந்த 99 அவள் பெற்ற பிள்ளை.

வேலைக்குச் சேர்ந்த வருஷமே மூன்று துறைக்கும் அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம். பார்க்கவே இல்லை என்றால் 99. ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருந்தாள். செய்தி சாரும் ஷேர் சாரும் ஜனங்களிடம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் பதில் வாங்குகிறவர்கள். அங்கே 99 வந்தால் கண்ணை உறுத்தும், கணக்குப் போடுமுன் அதைக் கழற்றிவிடுவாள். நத்தைப் பட்டியலில் கழற்ற மறந்துவிட்டாள். அன்றைக்கு நத்தை மேடம் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆச்சா, ஆச்சா" என்று பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார். நின்றாலும் நிற்காவிட்டாலும் பார்த்திருக்க வேண்டியது இவள்தானே? முப்பத்தெட்டுப் பேர் வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், தன் பெயர் வரப்போகிற ஒரே வேலையில் கோட்டை விட்டிருந்தாள்.

99களைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள். விளக்கு மாறுவதற்கு முன் ஆறு. மாறிய பின் ஆறு. கோடு தரை மாதிரி நேராகக் கிடந்தது. நத்தை பெருகவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த இரண்டு வாரமும் கொட்டிய மழையில் நத்தை மேடம் கடைசி நாலு சுவர்ப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

நிறுவனத்து லிஃப்ட் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. புள்ளியக்கா இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். நத்தை மேடத்தின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். கட்டுரை போட்ட இதழுக்கு எழுதணும்."

"எழுதலாம். திங்கக்கிழமை போகட்டும். உனக்காகத்தான் சொல்றேன்."

அதுதான் எரிச்சல். அந்த அம்மாள் சொன்னது நிஜமாகவே இவள் நன்மைக்கும்தான். நத்தை மேடத்துக்கு வேறு இருபது கட்டுரை இருந்தது. ஒன்று போனால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு வேறு சுவருக்குப் போய்விடுவார்.

மற்ற இரண்டு மாடிக்கும் போய்ச் சொன்னாள். ஷேர் சார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நத்தை பொய்யாக இருக்கலாம், பங்கு விலை ஏறியது நிஜம்தானே, தன் கட்டுரைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். செய்தி சாருக்கோ வாயெல்லாம் பல். இத்தனை நாள் வெறும் செய்தி எப்படிப் பரவியது என்று எழுதிக்கொண்டிருந்தாராம், இனிமேல் பொய்ச் செய்தி எப்படிப் பரவியது என்று எழுதலாமாம், பெரிய இதழிலேயே போடுவார்களாம். அவளுக்குக் கட்டாயம் நன்றி சொல்லுவதாகவும் வாக்குக் கொடுத்தார். முப்பத்தொன்பதாவது நன்றி! அந்த மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அவர் தலையில் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

ஆக மொத்தம், எந்த மாடியும் இடியவில்லை. இடிந்து விழுந்தது மாடிப்படிக்கு அடியில் இருந்தவள் தலையில் மட்டும்தான்.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். அதைக் கையில் உருட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டான். பிறகு நிதானமாகக் கேட்டான்.

"நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரிய வருமா?"

"வராது. யாரும் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பாக்க மாட்டாங்க. அதான் கடுப்பா இருக்கு."

அவன் எழுந்து போய்ப் பால்கனி விளக்கைப் போட்டான். நத்தை வரும் என்று உள்ளேயிருந்து மாமியார் சத்தம் போட்டார். வராதும்மா, உங்க மருமக எண்ணிப் பாத்துட்டா என்றான். புள்ளியக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்ததைத் தன் கையாலேயே கிழித்துப்போட வேண்டியிருக்கிறதே என்று வாய்விட்டே சொல்லி அழுதாள்.

புதன்கிழமை காலை இதழுக்கு எழுதினாள். பிழை இன்னது, செய்தது நான், திருத்திய கணக்கு இதோடு இருக்கிறது. நத்தை மேடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். அந்த அம்மாளும் சும்மா இருக்கவில்லை, மதியமே இதழுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டார், பகுப்பாய்வில் தனக்குச் சம்பந்தமே கிடையாது என்று.

திங்கட்கிழமை காலை இதழின் இணையதளத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, பிழைக்கு முழுப் பொறுப்பு என்று போட்டு, அடுத்தபடி அவள் பெயர். இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிசகாமல், கொட்டை எழுத்தில். பதினோரு வருஷத்தில் அவள் பெயர் முதல் பெயராக வந்தது அன்றைக்குத்தான். வாசலில் காவலாளி ஏணி போட்டு பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு நேர்காணல். போகாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வராதவள் என்று ஒரு குறிப்பு ஏற அவளுக்கு மனம் இல்லை. அலுவலக கிளார்க், முந்தின வாரம் அவள் கொடுத்திருந்த படிவத்தை நீட்டினார். ஆசிரியராக வெளியிட்ட கட்டுரைகள் என்ற கட்டத்தில் ஒன்று என்று அழகாக எழுதியிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. பேனாவால் அழுத்தி அடித்தாள்.

கட்டத்தைக் காலியாக விடக் கூடாது மேடம், அப்புறம் என்னைத்தான் பிடிப்பாங்க என்றார் கிளார்க். உள்ளேயிருந்து மணி அடித்துக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் கை அதன் பழக்கத்தில் எதையோ எழுதியது. கிளார்க் படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வெளியிலிருந்து வந்த தலைவர், வலது பக்கம் இயக்குநர், இடது பக்கம் நத்தை மேடம். தலைவர் படிவத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். அவர் புருவம் மேலே போயிற்று.

"தொண்ணூத்தொம்பது கட்டுரையா? பதினோரு வருஷத்துல? அப்போ வருஷத்துக்கு ஒம்பது. எப்படிம்மா முடிஞ்சுது?"

அப்போதுதான் புள்ளியக்காவுக்குத் தன் கை எழுதியது என்ன என்று உறைத்தது.

இயக்குநர் பெருமையாகத் தலையை ஆட்டினார். தலைவர் எதைச் சொன்னாலும் ஆடுகிற தலை அது. இப்படிப்பட்டவரை இத்தனை நாள் ஒப்பந்தத்தில் வைத்திருந்ததே தப்பு என்று தலைவர் சொன்னதற்கும் ஆடியது. கட்டுரைகளின் பட்டியல் எங்கே என்று மேஜையில் இருந்த யாரும் கேட்கவில்லை. தலைவர் கடைசிப் பக்கத்துக்குப் போய், கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்துவிட்டார்.

அந்த அறையில் 99க்கு அர்த்தம் தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான். நத்தை மேடம் அவளைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரு வாரமாக இவளுக்குச் செய்ததற்கு இதுவாவது ஈடாகட்டும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கலாம்.

சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், ஒரு பொய் சொல்ல வேண்டாம். அடுத்த மாதப் பிறந்த நாள் தன்பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும். ஏன் ஒவ்வொரு தடவையும் நானே பார்க்க வேண்டும், நானே சொல்லித் தொலைக்க வேண்டும், மூன்று மாடியில் இத்தனை படித்தவர்கள் இருக்கிறார்களே, ஒருத்தராவது ஒரே ஒரு கட்டத்தைக் குனிந்து பார்க்கக் கூடாதா என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில்தான் பேசினாள்.

"சார், அது எண்ணிக்கை இல்ல."

தலைவரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "பின்ன?"

"நாங்க எழுதுற வழக்கம் சார். தொண்ணூத்தொம்பதுன்னா, யாரும் பாக்கலைன்னு அர்த்தம்."

இயக்குநரின் தலை ஒரு வழியாக நின்றது. தலைவர் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"காலியா விடாதீங்க சார்" என்றாள் புள்ளியக்கா. "இப்பத்தான் பாத்துட்டீங்களே. பூஜ்யம் போடுங்க."